மோர் மிளகாய்க்கு விலை போட்ட வகுப்பு

எங்கள் துறை அறையில் ஒரு சுவர் முழுக்க இரும்பு அலமாரிகள். இறுதி செமஸ்டர் ப்ராஜெக்ட்டுகள் ஆண்டுவாரியாக அவற்றில் அடுக்கப்பட்டிருக்கும். ரெக்ஸின் அட்டை, தங்க எழுத்து. ஏதாவது ஒன்றைப் பிரித்தால், மதுரை மாநகரில் ஒரு சோப்பைப் பற்றியோ இருசக்கர வாகனத்தைப் பற்றியோ வாடிக்கையாளர் திருப்தியை ஆராய்ந்திருப்பார்கள். 100 பேரிடம் வினாத்தாள், சதவீத அட்டவணை, கை-வர்க்கச் சோதனை, கடைசி அத்தியாயத்தில் நிறுவனத்துக்கு ஆலோசனைகள். நிறுவனத்தில் எவரும் அவற்றைப் பார்க்கப் போவதில்லை. எழுதிய பிள்ளைக்கே அது தெரியும். வெளித் தேர்வாளர் வந்து புரட்டி மதிப்பெண் போட்டதும் அந்தப் புத்தகத்தின் ஆயுள் முடிந்துவிடும்.

பி.பி.ஏ., பி.காம். மாணவர்களுக்கு அடக்கவிலைக் கணக்கியலும் நிதி மேலாண்மையும் சொல்லிக்கொடுப்பது என் வேலை. படிக்கப் போகிறவர் யாருமில்லாத அறிக்கையை எழுதப் பழக்குவது இருபது வயதுப் பிள்ளைக்கு நாம் செய்யும் கெடுதல் என்பது என் உறுதியான எண்ணம். கணக்கு என்றால் அதை நம்பி நாளைக்கு ஒருவர் முடிவெடுப்பார். தப்பாகப் போட்டால் ஒருவருக்குக் காசு போகும். அந்தப் பயம் கையில் ஏறாமல் கணக்குப் பாடம் மனதில் நிற்காது. அதனால்தான் ஐந்தாவது, ஆறாவது செமஸ்டர் மாணவர்களை மதுரைக்கு வடமேற்கே சோழவந்தான், வாடிப்பட்டி பக்கத்து மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு அனுப்பத் தொடங்கினேன். ஒரு குழுவுக்கு நான்கு மாணவர்கள், இரண்டு செமஸ்டர் முழுக்க அதே குழு.

இதை நான் கண்டுபிடிக்கவில்லை. நம் பக்கத்திலேயே இதற்குப் பழைய வேர் இருக்கிறது. 1892இல் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி.குமரப்பா லண்டனில் கணக்காயர் பயிற்சி பெற்று, பம்பாயில் தணிக்கைத் தொழில் நடத்தியவர். பிறகு அமெரிக்காவில் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகமும் கொலம்பியாவில் பொது நிதியும் படித்தார். 1929இல் காந்தியைச் சந்தித்தார். அதன்பின் குஜராத் வித்யாபீடத்தில் ஆசிரியராகி, மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கேடா மாவட்டத்தின் மாதர் தாலுகா கிராமங்களில் பொருளாதார ஆய்வு நடத்தினார். விவசாயியின் வரவு என்ன, செலவு என்ன, நிலவரி கட்ட அவனிடம் ஏதாவது மிஞ்சுகிறதா என்று ஒரு தணிக்கையாளரின் கண்ணோடு பார்த்த ஆய்வு அது. 1931இல் புத்தகமாக வந்தது. அந்த மனிதர் தன் கடைசி ஆண்டுகளைக் கழித்தது எங்கள் மாவட்டத்து டி.கல்லுப்பட்டியில். ராஜபாளையம் பஸ்ஸில் அந்த ஊரைத் தாண்டி தினமும் கல்லூரிக்கு வரும் வணிகவியல் மாணவர்களுக்கு அவர் பெயர் தெரிவதில்லை. முதல் வகுப்பிலேயே அவரைப் பற்றிச் சொல்லிவிடுவேன். நீங்கள் படிக்கிற படிப்பைப் படித்தவர் ஒருவர் அதை வைத்து என்ன செய்தார் என்று தெரிந்துகொண்டு கிளம்புங்கள் என்பேன்.

பக்கத்தில் திண்டுக்கல் மாவட்டத்தில் காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகம் மாணவர்களை ஊரில் தங்கவைத்துக் கற்பிக்கும் முறையை நெடுங்காலமாகக் கடைப்பிடித்து வருகிறது. வெண்மைப் புரட்சியின் வர்கீஸ் குரியன் 1979இல் குஜராத்தின் ஆனந்தில் தொடங்கிய ஊரக மேலாண்மை நிறுவனத்திலும் கிராமக் களப்பணி பாடத்தின் மையப் பகுதி. ஆனால் அவை அதற்கென்றே பிறந்தவை. சாதாரணக் கலைக் கல்லூரியில், ஒரு மணி நேரப் பீரியடுகளுக்கும் 75 மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்கும் இடையில் இதை நடத்துவது வேறு வேலை. அதைப் பற்றித்தான் எனக்குச் சொல்லத் தெரியும்.

குழுவோடு நடக்கும் முதல் கூட்டத்துக்குப் பிள்ளைகள் ஆர்வத்தோடு போவார்கள். லோகோ வரைந்திருப்பார்கள், இன்ஸ்டாகிராம் பக்கத்துக்குப் பெயர் வைத்திருப்பார்கள், லேப்டாப்பில் படங்கள் தயாராக இருக்கும். ஒரு குழுவை வழிநடத்தும் ஊக்குநர் அக்கா எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “படமெல்லாம் நல்லாத்தான் இருக்கு பாப்பா. எங்களுக்கு வேற ஒண்ணு வேணும். நாங்க எழுதுற நோட்டும் பேங்க் பாஸ்புக்கும் ஒத்துவர மாட்டேங்குது. தவணை பாக்கின்னு சொல்றாக. நாங்க மாசாமாசம் கட்டிக்கிட்டுத்தான் இருக்கோம். ஏன்னு பாத்துச் சொல்லுவீகளா?”

முதலாண்டு வணிகவியல் படித்த எவருக்கும் இது என்ன பாடம் என்று தெரியும். வங்கிச் சரிகட்டும் பட்டியல். ரெட்டி-மூர்த்தி எழுதிய கணக்கியல் பாடப்புத்தகத்தில் பயிற்சிக் கணக்குகளாக வரிசையாகப் போட்டுத் தள்ளியிருப்பார்கள். அந்த நான்கு பேரும் அதில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள். ஆனால் புத்தகத்தில் வேறுபாட்டின் காரணங்களை ஆசிரியரே வரிசையாகக் கொடுத்துவிடுவார். இங்கே அவற்றைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பாஸ்புக்கைப் பதியக் கொடுத்தால் மெஷின் வேலை செய்யாது. ரசீதுகள் சிலவற்றில் மை மங்கிவிட்டது. குழுவின் ரொக்கப் புத்தகத்தில் கூட்டம் நடந்த தேதி இருக்கும், பணம் கட்டிய தேதி இருக்காது. ஒவ்வொரு வரியாகத் தட்டிப் பார்த்து, கடைசியில் பிடித்துவிட்டார்கள். சிறுசிறு கட்டணங்கள் போக, இரண்டு தவணைகளை வங்கிக் கிளையில் கடன் கணக்குக்குப் பதிலாகக் குழுவின் சேமிப்புக் கணக்கில் வரவு வைத்திருக்கிறார்கள். பணம் இருக்கிறது, இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. பிள்ளைகள் அதை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தார்கள். ஊக்குநரும் பிரதிநிதியும் அந்தத் தாளோடு வங்கிக்குப் போனார்கள், கணக்குத் திருத்தப்பட்டது. எங்கள் பிள்ளைகள் யாரும் கூடப் போகவில்லை. போகக் கூடாது என்று நான்தான் சொன்னேன். அந்தத் தாளை வைத்துக்கொண்டு அந்தப் பெண்களே பேச முடிகிறதா என்பதுதான் தாள் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்பதற்கான சோதனை.

குழு எதைக் கேட்கிறதோ அதை மட்டும் செய்வது என்ற வழக்கம் அங்கிருந்துதான் உறுதிப்பட்டது. கேட்பது பெரும்பாலும் சின்ன விஷயமாக இருக்கும், பிள்ளைகளுக்குச் சுவாரசியமற்றதாகத் தோன்றும். நோட்டு எழுதுவது, வட்டி கணக்கிடுவது, ரசீதைக் கோப்பில் போடுவது. ஆனால் மூன்று வருடம் படித்த படிப்பின் அடித்தளம் முழுக்க அதற்குள்தான் இருக்கிறது.

தமிழ்நாட்டில் இந்தக் குழுக்களின் கதை 1989இல் தருமபுரியில், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்குகிறது. நபார்டு 1992இல் 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் சோதனையைத் தொடங்கியது. முறையான கூட்டம், முறையான சேமிப்பு, உள்கடன், சரியான தவணை, சரியான கணக்கு என்ற ஐந்து விதிகளைப் பஞ்சசூத்திரம் என்று எந்தக் குழு உறுப்பினரைக் கேட்டாலும் சொல்வார்கள். மாணவர்கள் இந்த ஐந்தையும் கேட்டுவிட்டு, இவ்வளவு ஒழுங்கான அமைப்பு இருக்கும்போது தண்டல்காரரிடம் ஏன் போகிறார்கள் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் தேடிய வகுப்பை நான் மறக்க மாட்டேன்.

தண்டல் எங்கள் ஊர்ப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்தது. கையில் 9,000 ரூபாய் கொடுப்பார்கள். நாளொன்றுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். இதன் வட்டி விகிதம் என்ன என்று கரும்பலகையில் எழுதிவிட்டுக் கேட்டேன். 10,000க்கு 1,000 என்று 10 சதவீதம் என்றார்கள் சிலர். கையில் வந்தது 9,000தான், ஆகவே 11 சதவீதம் என்றார்கள் கொஞ்சம் யோசித்தவர்கள். ஒருவன் அதை ஆண்டுக்கு மாற்றி 40 சதவீதத்துக்கு மேல் வருகிறது என்றான். எல்லோரும் அவனைப் பாராட்டினார்கள்.

கடைசி பெஞ்சில் இருந்த ஒரு பெண், அதிகம் பேசாதவள், எழுந்தாள். “மேடம், 9,000 நம்ம கையில 100 நாளும் இருக்காதுல்ல? மறுநாளே 100 ரூபா திருப்பிக் குடுத்துருவோம். அம்பதாவது நாள் பாதிதான் நம்மகிட்ட இருக்கும். ஆனா முழுசுக்கும் வட்டி குடுத்துக்கிட்டு இருப்போம்.”

அவளைப் பலகைக்கு அழைத்தேன். சராசரியாகக் கையில் நிற்பது சுமார் 4,500. அதற்கு 100 நாளில் 1,000. அப்படியே ஆண்டுக்கு மாற்றினால் 80 சதவீதத்தைத் தொடுகிறது. உள்ளார்ந்த ஈட்டு விகித முறையில் கணினியில் துல்லியமாகப் போட்டபோது சுமார் 78 வந்தது. நிதி மேலாண்மையில் அந்த முறையைத் தொழிற்சாலைக்கு எந்திரம் வாங்கலாமா என்று பார்க்கத்தான் சொல்லித்தருவோம். அன்றைக்கு அது வேறு இடத்தில் உயிர் பெற்றது. இத்தனை தெளிவாக எப்படித் தெரியும் என்று வகுப்பு முடிந்தபின் கேட்டேன். “எங்கம்மா பூக்கட்டுறாங்க மேடம். எங்க வீட்டுத் தண்டல் அட்டையில நான்தான் கோடு போடுவேன்.”

சமூகத்தோடு இணைந்து கற்பது பற்றி எழுதப்படும் பலவற்றில் மாணவர் வெளியிலிருந்து சமூகத்துக்குள் போகிறவராகவே வருகிறார். வசதியான வீட்டுப் பிள்ளை, வறிய மக்களைப் பார்த்து மனம் விரிகிறது என்ற கதை. எங்கள் கல்லூரிக்கு அது பொருந்தாது. என் வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் குடும்பத்தில் முதல்முறையாகக் கல்லூரி வாசல் மிதித்தவர்கள். அம்மா குழு உறுப்பினர், அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார், சித்தாள் வேலைக்குப் போகிறார், சந்தையில் தராசு பிடிக்கிறார். அந்த வீட்டு ஞானத்தைக் கல்லூரி வாசலில் கழற்றி வைத்துவிட்டு வர வேண்டும் என்று பள்ளி நாளிலிருந்தே அவர்களுக்குப் பழக்கப்பட்டிருக்கிறது. பூக்கட்டும் அம்மாவைப் பற்றிச் சொல்லக் கூச்சம், ஆனால் கேட்டறியாத ஓர் அமெரிக்க நிறுவனத்தின் நிகழ்வாய்வை மனப்பாடம் செய்வதில் கூச்சமில்லை. கிராமத்துக்கு நான் மாணவர்களை அழைத்துப் போவதில் எனக்குள்ள முதன்மையான நோக்கம் இதுதான்: தனக்கு ஏற்கெனவே தெரிந்தது பாடத்தில் சேரும் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

சரி, 78 சதவீதம் என்று தெரிந்துவிட்டது. அதைக் குழுக் கூட்டத்தில் போய்ச் சொன்னார்கள். யாரும் அதிர்ச்சியடையவில்லை. குழுவின் உள்கடன் ரெண்டு வட்டி, அதாவது மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய். அந்த வட்டியும் குழுவுக்கே திரும்பி வருகிறது. மலிவானது எது என்று அவர்களுக்குத் தெரியாமலில்லை. பூ வியாபாரம் செய்யும் ஓர் அம்மா விளக்கினார். விடியற்காலை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் நிற்கும்போது கையில் ரொக்கம் வேண்டும். முகூர்த்த நாளுக்கு முந்தின நாள் விலை ஏறும்போது இரண்டு பங்கு முதல் வேண்டும். குழுக் கூட்டம் மாதம் இரண்டு முறை. வங்கிக்கு நடந்தால் பாதி நாள் வேலை போகும், ஜெராக்ஸ், பஸ் காசு. தண்டல்காரர் வீட்டு வாசலுக்கு வருகிறார், கேட்ட அன்றே கொடுக்கிறார். “வட்டி கூடத்தான் தம்பி. ஆனா நேரத்துக்கு வருதுல்ல?”

நடைமுறை மூலதனம் என்ற அத்தியாயத்தை நான் எத்தனை வருடமாக நடத்தியிருந்தாலும் அதை அந்த அம்மாவைவிடச் சுருக்கமாகச் சொன்னதில்லை. பிள்ளைகள் திரும்பி வந்து ஒரு வாரம் விவாதித்தார்கள். கடைசியில் அவர்கள் குழுவின் முன் வைத்தது ஒரே ஒரு யோசனை: சேமிப்பில் ஒரு சிறு தொகையை அவசரக் கடனுக்கென்று ஒதுக்கி வைப்பது. கூட்டத்துக்குக் காத்திராமல் 3,000 ரூபாய் வரை ஊக்குநரும் பிரதிநிதியும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாம், அடுத்த கூட்டத்தில் தீர்மான நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். கூட்டத்தில் இரண்டு பேர் எதிர்த்தார்கள். பணத்தை வீட்டில் வைத்திருக்கும் பொறுப்பை யார் ஏற்பது, ஊக்குநரின் சொந்தக்காரர்களுக்கே போய்விட்டால் என்ன செய்வது என்று கேட்டார்கள். உள்கட்டுப்பாடு என்று தணிக்கைப் பாடத்தில் நாங்கள் நடத்துவது அந்தக் கேள்விதான். சாவி ஒருவரிடம், நோட்டு இன்னொருவரிடம் என்று முடிவாயிற்று. தண்டல் அந்த ஊரைவிட்டுப் போய்விடவில்லை. ஆனால் சிறிய அவசரங்களுக்கு இன்னொரு வழி பிறந்தது.

இனி மோர் மிளகாய். அடக்கவிலைக் கணக்கியலில் செயல்முறை அடக்கம் என்றொரு பகுதி உண்டு. உற்பத்தியின்போது இயல்பாக ஏற்படும் எடைக்குறைவு இயல்பு நட்டம், எதிர்பாராதது இயல்பற்ற நட்டம். மாணவர்கள் இந்த இரண்டுக்கும் கணக்குப் போடுவதில் தடுமாறுவார்கள். மோர் மிளகாய் போடும் குழுவிடம் அனுப்பினால் தடுமாற்றம் தீர்ந்துவிடும். ஒரு கிலோ பச்சை மிளகாய் தயிரிலும் உப்பிலும் ஊறி, பகலில் காய்ந்து, இரவில் மறுபடி ஊறி, பல நாள் கழித்துக் கால் கிலோவாகச் சுருங்கி நிற்கும். அது இயல்பு நட்டம். நடுவில் கோடை மழை பெய்து பூஞ்சணம் பிடித்தால் அது இயல்பற்ற நட்டம். முதலாவதை விலையில் ஏற்றலாம், இரண்டாவதை ஏற்ற முடியாது. ஏன் முடியாது என்று மழையில் மிளகாயை வாரி எடுத்தவரிடம் கேட்டுப் புரிந்துகொண்ட பிள்ளை தேர்வில் தப்புச் செய்வதில்லை.

அந்தக் குழு கேட்டது, “எங்களுக்கு இதுல லாபமா நட்டமா?” பிள்ளைகள் போட்ட கணக்கை அப்படியே தருகிறேன். 10 கிலோ மிளகாய் 400 ரூபாய், தயிர் 200, உப்பு 25, கவர் 50, பஸ் 40. மொத்தம் 715. காய்ந்தது இரண்டரைக் கிலோ, நூறு கிராமாக 25 பாக்கெட். கடைக்காரர் ஒரு பாக்கெட்டை 40 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார். வரவு 1,000. கையில் நின்றது 285. பெண்கள் இதை லாபம் என்றார்கள். பிள்ளைகள் உழைப்பையும் கணக்கில் சேர்த்தார்கள். கழுவி, ஊசியால் குத்தி, ஊறவைத்து, தினமும் விரித்து அள்ளி, பாக்கெட் போட்டு ஒட்டுவது வரை கூட்டினால் 20 மணி நேரம், இரண்டரை ஆள் கூலி. அந்த ஆண்டு நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவித்திருந்த கூலி 294 ரூபாய். அதன்படி 735. ஆக 450 ரூபாய் நட்டம். தொழிலை நிறுத்துவது நல்லது என்று அறிக்கை எழுதிக்கொண்டு போனார்கள்.

கூட்டத்தில் ஒரு பெரியம்மா கேட்டார்: “நூறு நாள் வேலை வருசம் பூரா இருக்கா கண்ணு? இருந்தாலும் அது காலம்பற. மத்தியானத்துக்கு மேல பேரப்பிள்ளையப் பாத்துக்கிட்டே இந்த மிளகாயக் குத்துறேன். அந்த நேரத்துக்கு எனக்கு யாரு 294 ரூவா தருவா?”

வாய்ப்புச் செலவு. ஓர் உழைப்பின் செலவு என்பது அதே நேரத்தில் வேறெங்கே என்ன கிடைத்திருக்கும் என்பதைப் பொறுத்தது. பிள்ளைகள் வாயடைத்துப் போனார்கள். ஆனால் அந்த அணியிலிருந்த மாணவி ஒருத்தி விடவில்லை. “அப்படின்னா உங்க நேரத்துக்கு விலையே இல்லையா பெரியம்மா? சும்மா இருக்கிற நேரம்னு நாமளே சொல்லிட்டா கடைக்காரர் எப்படிக் கூடக் கொடுப்பாரு?” என்று கேட்டாள். எனக்கு இரண்டு பேர் சொன்னதும் சரியாகப் பட்டது. இன்றும் அப்படித்தான் படுகிறது. வீட்டிலிருந்து பெண்கள் செய்யும் வேலைக்கு வேறு வாய்ப்பு இல்லை என்பதாலேயே அதன் விலை தாழ்ந்து கிடக்கிறது. வாய்ப்புச் செலவு என்ற கருத்து அந்தத் தாழ்வை நியாயப்படுத்தவும் பயன்படும், வெளிச்சம் போட்டுக் காட்டவும் பயன்படும். எந்தப் பாடப் புத்தகமும் இந்த இடத்தில் நின்று யோசிப்பதில்லை. அன்றைய கூட்டத்தில் நடந்த வாக்குவாதத்தை என் பணிக்காலத்தின் நல்ல வகுப்புகளில் ஒன்றாக நினைக்கிறேன், நான் அதில் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அறிக்கையைக் கிழித்துவிட்டுப் புதுக் கணக்குப் போட்டார்கள். நட்டமா லாபமா என்று பார்க்காமல், ஒரு மணி நேரத்துக்கு என்ன மிஞ்சுகிறது என்று பார்த்தார்கள். 285ஐ 20ஆல் வகுத்தால் 14 ரூபாய் சொச்சம். இதை எப்படி உயர்த்துவது? கடைக்குப் போய்ப் பார்த்ததில், 40க்கு வாங்கிய பாக்கெட்டைக் கடைக்காரர் 60க்கு விற்கிறார். பாக்கெட்டில் விலை அச்சிடாததால் விலை வைக்கும் உரிமை அவரிடம் இருக்கிறது. பொட்டலப் பொருட்களுக்கான சட்டமுறை எடையளவு விதிகள் 2011இல் வந்தவை. அவற்றின்படி தயாரிப்பாளர் பெயர் முகவரி, நிகர எடை, தயாரித்த மாதம், அதிகபட்ச சில்லறை விலை, புகாருக்கான தொடர்பு எண் எல்லாம் உறையில் இருக்க வேண்டும். உணவுப் பொருள் என்பதால் உணவுப் பாதுகாப்புப் பதிவும் வேண்டும். ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருந்த சிறு தயாரிப்பாளருக்கு அப்போது ஆண்டுக் கட்டணம் 100 ரூபாய்தான்.

கட்டணம் சிறியது, வேலை சிறியதல்ல. ஆதாரில் ஒரு முகவரி, மின்கட்டண ரசீதில் மாமனார் பெயர், வீட்டுக்குப் பழைய கதவு எண் ஒன்று, புதியது ஒன்று. தொழில் நடப்பது குழுத் தலைவியின் வீட்டு மாடியில், ஆனால் வீடு யார் பெயரில் இருக்கிறது? வணிகச் சட்டம் பாடத்தில் முதல் மதிப்பெண் எடுத்த ஒரு மாணவன் ஒப்புதல் கடிதம் ஒன்றை எழுதி, மாமனாரிடம் உட்கார்ந்து விளக்கிக் கையெழுத்து வாங்கினான். சட்டம் படிப்பதற்கும் ஒருவரிடம் அதை விளக்கிச் சம்மதம் பெறுவதற்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறது என்று அவன் தன் குறிப்பேட்டில் எழுதியிருந்தான். பதிவு எண் வந்தது. 60 ரூபாய் என்று விலை அச்சிட்ட ஸ்டிக்கர் ஒட்டி, கடைக்கு 48க்குக் கொடுத்தார்கள். கடைக்காரர் முதலில் முகம் சுளித்து, பிறகு எடுத்துக்கொண்டார். விலைக்கு ஐந்தில் ஒரு பங்கு அவருக்கு நிற்கிறது. 25 பாக்கெட்டுக்கு 1,200, ஸ்டிக்கர் செலவு 25 போக மிச்சம் 460. மணிக்கு 23 ரூபாய். நூறு நாள் வேலைக் கூலியை எட்டவில்லை. ஆனாலும் 14, 23 ஆயிற்று, அதை எப்படி ஆக்கினோம் என்று அந்தப் பெண்களுக்கு வரி வரியாகத் தெரியும். மறு ஆண்டு தயிர் விலை ஏறியபோது அவர்களே கணக்குப் போட்டு விலையை மாற்றினார்கள்.

ஊருக்குள் பிள்ளைகளின் நடத்தை பற்றி நான் கண்டிப்பாக இருப்பேன். தெருவில் வைத்து யாரிடமும் கடன் எவ்வளவு என்று கேட்கக் கூடாது, பக்கத்து வீட்டுக்காரர் காதில் விழும். வங்கிக் கடன் வாங்கித் தருகிறோம் என்று மறந்தும் சொல்லக் கூடாது. எந்தத் தெருவில் கூட்டம் நடந்தாலும், எந்த வீட்டில் டம்ளர் நீட்டினாலும் வாங்கிக் குடிக்க வேண்டும். இதைச் சொல்ல வேண்டிய தேவை நம் ஊர்களில் இன்றும் இருக்கிறது. தயங்கிய பிள்ளைகளோடு தனியே உட்கார்ந்து பேசியிருக்கிறேன். கூட்டு வணிகம், சந்தை, நம்பகத்தன்மை என்று எதைப் பற்றியும் எங்கள் பக்கத்தில் சாதியைத் தொடாமல் பேச முடியாது. யார் வீட்டில் அரைத்த பொடியை யார் வாங்குவார்கள் என்பதைச் சந்தைப் பிரிவு என்ற அத்தியாயம் சொல்லாது.

படம் எடுப்பதையும் தவிர்க்கச் சொல்கிறேன். கல்லூரிகளில் விரிவாக்கப் பணி என்றாலே பேனரும் இருப்பிடக் குறியோடு கூடிய புகைப்படமும் என்றாகிவிட்டது. ஒருநாள் முகாம், துடைப்பத்தோடு வரிசையாக நின்று ஒரு படம், மாலையில் பஸ் ஏறுவது. நாட்டு நலப்பணித் திட்டம் 1969இல் காந்தி நூற்றாண்டில் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியபோது அதன் கனவு இதுவாக இருந்திருக்காது. 2014இல் வந்த உன்னத் பாரத் அபியானும், சமூக ஈடுபாட்டை 2 கிரெடிட் பாடமாக்கப் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட சட்டகமும் கதவைத் திறந்திருக்கின்றன. அதை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் ஊருக்குப் போய் என்ன செய்வது என்று துறை ஆசிரியர்தான் தீர்மானிக்க வேண்டும். வணிகவியல் மாணவர் தெரு பெருக்கினால் தெரு ஒருநாள் சுத்தமாகும். அவர் ரொக்கப் புத்தகத்தைச் சரிசெய்யச் சொல்லிக்கொடுத்தால் பதினைந்து குடும்பங்களின் சேமிப்புக்குப் பாதுகாப்பு.

கிராமத்தின் நாட்காட்டியும் செமஸ்டரும் ஒத்துப்போவதில்லை. நடவு நேரத்தில் கூட்டம் நடக்காது. ஊர்த் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் இரண்டு வாரம் யாரும் நோட்டைத் தொட மாட்டார்கள். நமக்கு அதே நேரம் உள்மதிப்பீட்டுத் தேர்வு வந்து நிற்கும். ஒரு செமஸ்டர் போதாது என்று நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் இது. முதல் மூன்று மாதம் பிள்ளைகளை அந்தப் பெண்கள் எடைபோடவே சரியாகப் போகும். ஒவ்வொரு அணியும் அடுத்த ஆண்டு அணிக்கு ஒரு நோட்டு விட்டுச் செல்லும். யார் எப்போது வீட்டில் இருப்பார்கள், எந்தக் கணக்கு எங்கே நின்றிருக்கிறது, எதைப் பற்றிப் பேசக் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கும். அலமாரியிலுள்ள ரெக்ஸின் புத்தகங்களைவிட அந்த நாற்பது பக்க நோட்டுகளைத்தான் பிள்ளைகள் தேடிப் படிக்கிறார்கள்.

மதிப்பெண் எப்படிப் போடுவது என்று மற்றக் கல்லூரி ஆசிரியர்கள் கேட்பார்கள். உள்மதிப்பீடு 25இல் 10ஐக் குழுவிடம் விடுகிறேன். நேரடியாக மார்க் கேட்டால் அக்காமார் எல்லோருக்கும் முழுசாகப் போட்டுவிடுவார்கள், பிள்ளைகள் நல்ல பிள்ளைகள் என்பார்கள். ஆகவே கேள்வி வேறு. மாணவர்கள் விடைபெற்று ஒரு மாதம் கழித்து நான் தனியாகப் போவேன். அந்த மாதக் கணக்கைக் குழுவே எழுதியிருக்கிறதா, கூட்டுத்தொகை ஒத்துவருகிறதா, வட்டி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பேன். எழுதியிருந்தால் மாணவர்களுக்கு 10. பிள்ளைகளே அழகாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, அடுத்த பக்கம் வெறுமையாகக் கிடந்தால் மதிப்பெண் இறங்கும். இது நியாயமா என்று ஒரு மாணவன் கேட்டான். உன் வேலை கணக்கு எழுதுவதல்ல, எழுதக் கற்றுக்கொடுப்பது என்றேன். இதை ஆண்டுத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவதால், தானே பேனாவைப் பிடுங்கி எழுதிவிடும் அவசரம் அவர்களுக்குக் குறைகிறது.

இப்போதைய அணிகளுக்கு வந்திருக்கும் கோரிக்கை வேறு மாதிரி. வாரச் சந்தையில் காய்கறி, வடகம் விற்கும் உறுப்பினர்கள் கியூஆர் அட்டை வைத்திருக்கிறார்கள். பலருடைய அட்டை மகனின் வங்கிக் கணக்கோடு இணைந்திருக்கிறது, ஏனென்றால் ஸ்மார்ட் போன் மகனிடம்தான் இருந்தது. விற்றது அம்மா, காசு சேர்வது மகன் கணக்கில். மாலையில் எவ்வளவு விற்றது என்று அம்மாவுக்குச் சுருக்குப்பை சொல்லாது. சில்லறை குறைந்துபோனதால் மறுநாள் முதலுக்கு மகனிடம் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. “அவன் குடுக்காம இருக்க மாட்டான் டீச்சர். ஆனா கேக்கணும்ல?” என்றார் ஓர் அக்கா. தன் பெயரில் தனிக் கணக்கு, அதற்குச் சாதாரண போனிலும் வேலை செய்யும் வழி, நாள் முடிவில் ரொக்கத்தையும் கணக்கில் வந்ததையும் சேர்த்து ஒரே வரியில் எழுதும் நோட்டு, இந்த மூன்றும் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். முதலாண்டுப் பாடத்தில் மூன்று பத்தி ரொக்கப் புத்தகம் என்று ஒன்று உண்டு. அதிலுள்ள வங்கிப் பத்தி எதற்கு என்று பிள்ளைகள் வழக்கமாகக் கேட்பார்கள். இந்த அணி கேட்கவில்லை. சந்தைக்கு எடுத்துப்போகத் தோதாக, கையடக்க நோட்டில் அந்தப் பத்திகளுக்குக் கோடு போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.